கேட்காமல் வெட்டிய இளநீர்

கேட்டுவிட்டுச் செய்கிற பழக்கம் அத்தைக்குக் கிடையாது. எனக்குச் சொந்த அத்தை இல்லை, பக்கத்து வீட்டு அத்தை. உத்திரமேரூரில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவள் அத்தை, மீதிப் பேருக்கு அக்கா. எங்கள் வீட்டு அடுப்பில் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தால் நேரே உள்ளே வருவாள். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். உப்பு ஜாடியைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

"கேட்டுட்டுப் போடக் கூடாதா அத்தை?" என்று ஒருநாள் சண்டைக்கே போனேன்.

"கேட்டா நீ வாணாம்னுவ. அப்பால உப்பில்லாத கொயம்பத் துன்னுட்டு நீதான் பேஜார் படணும்."

அன்றைக்குக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அவளிடம் இருந்த பெரிய தொல்லையே அதுதான். பாதி நேரம் அவள் செய்தது சரியாக இருந்துவிடும். மீதி நேரம் நாம் மாட்டிக்கொள்வோம். என் தலையில் பேன் இருப்பதாக அவளாகவே முடிவு கட்டி, நான் பகல் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தபோது வேப்பெண்ணெயைத் தடவிவிட்டுப் போனது இந்த மீதி நேரக் கணக்கில் வரும். தலையில் பேன் இல்லை. ஆனால் மறுநாள் கிளினிக் வேலைக்குப் போனபோது டாக்டர் எல்லா ஜன்னலையும் திறந்து வைக்கச் சொன்னார்.

அது எண்பதுகளின் தொடக்கம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், கண்ணாடி போட்டவர், கோபம் வந்தால் கத்தாமல் கண்ணாடியைத் துடைப்பவர். நான் அங்கே நர்ஸ். அவரிடம் ஒரு ஈ.சி.ஜி. மிஷின் இருந்தது. கை கால்களில் தகட்டை வைத்துப் பட்டையால் கட்டி, நெஞ்சில் ரப்பர் குமிழைப் பொருத்தினால் பாதிப் பேர் ஷாக் அடிக்கப் போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். டாக்டர் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொல்வார்: "நாங்க கரண்ட் வைக்கலீங்க. உங்க நெஞ்சுல ஓடற கரண்டைத்தான் இது எழுதிக் காட்டுது."

இதை அத்தை ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"நெஞ்சுல கரண்ட் கீதா? எங்க தெருவுல கம்பத்துலயே இல்ல டாக்டரே. எனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சி?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். நான் சிரிப்பை அடக்க மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவளுக்குக் கிளினிக்கில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு வேலையும் இல்லை. ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவள் போய்ப் பார்த்தாக வேண்டும், போகும்போது இளநீர் கொண்டுபோயாக வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் எங்கள் ஊரில் அதைத்தான் கொண்டுபோவார்கள் என்றாலும், மற்றவர்கள் கட்டில் ஓரம் வைத்துவிட்டு நலம் விசாரிப்பார்கள். அத்தை கூடையில் அரிவாளையும் கொண்டுவருவாள். என்ன நோய் என்று கேட்பதற்கு முன்பே சீவிவிடுவாள். அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தென்னைமரங்கள் தேங்காய் பார்த்ததே அபூர்வம். கால் முறிந்தவனுக்கும் இளநீர்தான், கண் ஆபரேஷன் ஆனவருக்கும் இளநீர்தான், பிள்ளை பெற்றவளுக்கும் அதேதான். கூடத் துணைக்கு உட்கார்ந்திருக்கிறவர்களையும் விடமாட்டாள்.

"இன்னா நோவுன்னு டாக்டரு பாத்துக்குவாரு. சூட்ட நான் பாத்துக்கறேன்" என்பாள்.

ஓர் அறுவடைக் காலத்தில் அவள் நிலத்தில் வேலை செய்த ஓர் ஆளுக்கு வயிற்றால் போய்க் கண் சொருகிவிட்டது. அத்தை மாட்டு வண்டியில் அவனைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தாள். டாக்டர் நாடியைப் பிடித்தார். அது இரண்டு அடி அடித்து ஓர் அடி விட்டுவிட்டு ஓடியது. மிஷினை மாட்டிக் காகிதத்தைப் பார்த்தார். "உடம்பிலிருந்த பொட்டாசியம் எல்லாம் வயித்தோட போயிருக்கு. அதான் இதயம் தடுமாறுது" என்றார். டிரிப் ஏற்றினோம். ஆள் கொஞ்சம் தெளிந்து தண்ணீர் கேட்டபோது, டாக்டர் வாசல் பக்கம் தலையை நீட்டி, "யாராவது ஓடிப்போய் இளநீர் வாங்கிட்டு வாங்க" என்றார்.

அத்தை ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தாள். அதை டாக்டர் கையில் கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பட்டாபிஷேகம் ஆனவள் மாதிரி நின்றாள். அந்த ஆள் பிழைத்து எழுந்து நடந்தான். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் அவள் முன்னால் தும்ம முடியவில்லை. "டாக்டரே என் எளநியத்தான் கேட்டு வாங்கினாரு" என்று வாலாஜாபாத் சந்தை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்படி இருந்தவளுடைய வீட்டுக்காரருக்குத்தான் சிறுநீரகம் கெட்டுப்போனது.

மாமா அவளுக்கு நேர் எதிர். ஒரு வார்த்தை பேச நாலு முறை யோசிப்பார். பெரிய ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. கால் வீங்கி, முகம் ஊதி, மெட்ராஸுக்குப் போய்ப் பரிசோதனை எல்லாம் செய்துகொண்டு வந்தார். டாக்டர் இருவரையும் உட்காரவைத்து, எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்று சொன்னார். வாழைப்பழம் கூடாது. உருளைக்கிழங்கு கூடாது. கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். தண்ணீரே அளவாகத்தான். இளநீர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது.

அத்தை கடைசி வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள்.

"அன்னிக்கு அந்த ஆளுக்கு உசுரு குடுத்தது இதே எளநிதானே டாக்டரே. அதே மரம், அதே காய். எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் வெசமா?"

நியாயமான கேள்வி. எனக்கே அதைக் கேட்க ஆசையாக இருந்தது. டாக்டர் மாமாவைப் பார்த்துப் பதில் சொன்னார். ஏரிப் பாசனக்காரருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று நினைத்தார் போல.

"உங்க இதயம் கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைங்களால ஆனது. ஒவ்வொரு அறையும் ஒரு ஏரின்னு வெச்சுக்குங்க. கரையில மதகுங்க இருக்கு. சோடியத்துக்குத் தனி மதகு, கால்சியத்துக்குத் தனி, பொட்டாசியத்துக்குத் தனி. சோடியம் மதகு திறந்தா வெளியில இருக்கிறது உள்ளே பாயும். அதுதான் கரண்ட். அப்புறம் கால்சியம் உள்ளே வரும், இதயம் சுருங்கும். கடைசியில பொட்டாசியம் மதகு திறந்து, உள்ளே இருக்கிற பொட்டாசியம் வெளியே போகும். அப்பதான் அறை பழைய நிலைக்கு வந்து அடுத்த அடிக்குத் தயாராகும்."

மாமா யோசித்தார். "மதகத் தொறக்கற ஆளு யாரு டாக்டரு?"

"ஆளே கிடையாது. இதயத்தோட மேல் மூலையில கொஞ்சம் அறைங்க இருக்கு. அதுங்க மதகு மட்டும் எப்பவும் கொஞ்சம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். கசிஞ்சு கசிஞ்சு ஒரு மட்டத்துக்கு வந்ததும் மத்த மதகு திறந்துக்கும். அது பக்கத்து அறையைத் தட்டும், அது அடுத்ததைத் தட்டும். அப்படித்தான் ஒவ்வொரு துடிப்பும்."

"கசியற மதகாலதான் உசுரே ஓடுதா?" மாமா முதல்முறையாகச் சிரித்தார். "இது தெரியாம நாங்க கசியற மதகுக்கு வெட்டுக்குத்து வரைக்கும் போயிக்கீறோம்."

"இப்ப இளநீர் விஷயத்துக்கு வாங்க. அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. நல்ல சிறுநீரகம்னா வேண்டியதை வெச்சுக்கிட்டு மிச்சத்தை வெளியே தள்ளிடும். அந்த ஆளுக்கு உடம்புல இல்லாம போச்சு, அதனால குடுத்தோம். உங்க சிறுநீரகம் தள்ள மாட்டேங்குது. அறைக்கு வெளியில பொட்டாசியம் ஏறிக்கிட்டே போகும். ஏரியிலயும் வயல்லயும் தண்ணி ஒரே மட்டமா நின்னா மதகைத் திறந்து என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆவாது. தண்ணி அசையாது."

"அவ்வளவு தூரம் ஏற வேண்டியதில்ல. கொஞ்சம் ஏறினாலே இதயம் நின்னுடும்."

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. அத்தையைப் பார்த்தேன். அவள் எதிர்த்துப் பேசாமல், "சரி டாக்டரே, நீங்க சொன்னா சரிதான்" என்று தலையை ஆட்டினாள். அத்தை ஒரு விஷயத்துக்கு அவ்வளவு சீக்கிரம் சம்மதித்து நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு தெருவில் அவள் பெரிய பத்தியக்காரியாகிவிட்டாள். கீரை வெந்த தண்ணீரை எல்லோரும் பார்க்கும்படி வாசலில் கொட்டுவாள். "சத்தெல்லாம் சாக்கடைக்கிப் போவுது, இன்னா பண்றது, டாக்டரு உத்தரவு" என்பாள். மாமாவுக்குக் குடிக்க ஒரு சின்னத் தூக்கில் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, மூடிபோட்டுத் தனியாக வைத்தாள். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு வாய் கொடுப்பதில்லை. நானே டாக்டரிடம் போய் அவளைப் பாராட்டிச் சொன்னேன்.

சித்திரை வெயிலில் ஒருநாள் உச்சிப் பொழுதில் மாமாவைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். கால்களைத் தூக்க முடியவில்லை. பேச்சு இழுத்தது. நாடியைத் தொட்டேன், அடுத்த துடிப்பு வருமா வராதா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். பட்டைகளைக் கட்டி மிஷினைப் போட்டேன்.

காகிதம் ஓட ஆரம்பித்தது. சாதாரணமாக ஒல்லியாகச் சின்னதாக எழும்பும் கோடு, அன்றைக்கு அகலமாக உப்பி, கடைசியில் கூடாரம் மாதிரி கூராக நிமிர்ந்து நின்றது. டாக்டர் பார்த்த உடனே தெரிந்துகொண்டார். ரத்தத்தைச் செங்கல்பட்டுக்கு அனுப்பிப் பொட்டாசியம் பார்த்து முடிவு வருகிற வரை மாமா இருக்கமாட்டார்.

"என்ன குடுத்தீங்கம்மா?" என்றார் ஊசியில் கால்சியத்தை ஏற்றிக்கொண்டே.

"ஒண்ணும் குடுக்கல டாக்டரே. கஞ்சி, அப்பால தண்ணி. தோ, தூக்கு கூடக் கொண்டாந்துக்கீறேன் பாருங்க. வழியில தாகம் எடுக்குமேன்னு."

"பழம்?"

"சத்தியமா இல்ல. இந்தத் தண்ணிதான்."

கால்சியத்தை அவசரமாக ஏற்றக் கூடாது. டாக்டர் மெல்ல மெல்ல ஏற்றினார். கண்ணைக் காகிதத்திலிருந்து எடுக்கவே இல்லை. அத்தை மாமாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். எட்டிப் பார்த்தாள். எங்கள் கண் முன்னாலேயே கூடாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. உப்பியிருந்த கோடு ஒல்லியானது. நாடி சீராக ஓட ஆரம்பித்தது. "கால்சியம் மதகுக்குக் கொஞ்ச நேரம் காவல் நிக்கும், அவ்வளவுதான். பொட்டாசியத்தைக் குறைக்காது" என்று சொல்லிவிட்டு, குளுக்கோஸும் இன்சுலினும் சேர்த்து ஏற்றச் சொன்னார். அது பொட்டாசியத்தைத் திரும்ப அறைகளுக்குள் தள்ளும். அதற்குள் வாடகைக் காருக்குச் சொல்லியனுப்பினோம், மெட்ராஸுக்குக் கொண்டுபோக.

டாக்டர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை முழுக்க வியர்வை. "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார். பக்கத்தில் இருந்தது அந்தத் தூக்குதான். நான் டம்ளரில் ஊற்றினேன்.

"அது வாணாம்" என்று அத்தை பாய்ந்து வந்தாள். "நான் பானத் தண்ணி கொண்டாறேன்."

அவள் ஒருவரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். டாக்டருக்குத் தாகம். வாங்கி ஒரு வாய் குடித்தார். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க தெருவுல எல்லாக் கிணறும் உப்புக் கரிக்குதுன்னு சொல்வீங்களே. இந்தத் தண்ணி தித்திக்குதே."

கட்டிலிலிருந்து மாமாதான் பேசினார். குரல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டரு. அவ தண்ணின்னு சொல்லித்தான் குடுத்தா. நானும் தண்ணின்னுதான் குடிச்சேன்."

"தித்திப்பு தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது. அவ கையால குடுத்தா தண்ணி தித்திக்காதா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணியைத் தேடினார், கிடைக்கவில்லை. திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு காகிதத் துண்டுகளையும் எடுத்து அத்தை முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஊசிக்கு முன்னால் எடுத்தது, பின்னால் எடுத்தது. அத்தை கூடாரம் எழும்பியிருந்த காகிதத்தை விரலால் தடவினாள்.

"இது நான் பண்ணதா?"

"இளநீர் பண்ணது."

"இல்ல டாக்டரே. நான் பண்ணது" என்று சொல்லிவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு போய் வாசல் வேப்பமரத்தடியில் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

மெட்ராஸிலிருந்து மாமா திரும்பி வந்தார். அத்தை மாறிவிட்டாள் என்று நினைத்தால் அது தப்பு. கேட்காமல் செய்கிற குணம் அப்படியேதான் இருந்தது, திசை மட்டும் மாறியது. முன்பு கேட்காமல் கொடுத்தவள், இப்போது கேட்காமல் பிடுங்கினாள். கிளினிக் வாசலில் உட்கார்ந்துகொண்டு, பார்க்க வருகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பாள். இளநீர் இருந்தால் பறிமுதல். ஜுரத்துக்கு வந்த ஒரு வாத்தியாரின் சொந்தக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

"அம்மா, வாத்தியாருக்கு இளநீர் குடுக்கலாம். அவருக்குச் சிறுநீரகம் நல்லா இருக்கு" என்றார் டாக்டர்.

"யாருக்கு ஆவும், யாருக்கு ஆவாதுன்னு நான் இன்னாத்தக் கண்டேன்? எல்லாருக்கும் வாணாம்."

பறிமுதல் செய்ததைக் கிளினிக் பின்பக்கம் கொண்டுபோய் அவளே வெட்டிக் குடித்தாள். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். "எனக்குக் கிட்னி நல்லாத்தான் கீது" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டே. பிறகு பைப்பைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள். முந்தானை நுனியை நனைத்து உதட்டைத் தேய்த்தாள். ஏன் இத்தனை ஜாக்கிரதை என்று கேட்டேன்.

"வூட்டுக்குப் போனா மோப்பம் புடிச்சிக்குவாருடி. அவரு பாக்கறப்ப நான் குடிக்கறதுல்ல. நாஷ்டாவுல தேங்கா சட்னி கூட அரைக்கறதுல்ல."

வீட்டுப் பின்னால் இருந்த மரங்களில் எல்லாக் குரும்பையும் முற்றித் தேங்காயாகிற வரை அவள் காவல் இருந்தாள். மாமா அந்த மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். என்னைக் கண்டால் ரகசியமாகக் கேட்பார்: "ஒரே ஒரு மொடக்கு. நீ நர்சாச்சே, ஒனக்குத் தெரியாதா அளவு?" நான் தலையாட்டுவதற்குள் சமையலறையிலிருந்து குரல் வரும்: "அங்க இன்னா பேச்சு?" ஒருமுறை மரம் ஏறுகிறவனிடமே பேரம் பேசி மாட்டிக்கொண்டார். அத்தை அவரைத் திட்டவில்லை, மரம் ஏறுகிறவனைத் தெருக்கோடி வரை விரட்டிவிட்டு வந்தாள். வந்து மாமாவுக்குச் சரியாக ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். கிணற்றுத் தண்ணீர், உப்புக் கரித்தது. மாமா குடித்துவிட்டு, "தித்திப்பாத்தான் கீது" என்றார்.

அப்படியே சில வருஷங்கள் ஓடின. கடைசியில் சிறுநீரகமே மாமாவைக் கொண்டுபோனது. இதயம் முடிவு வரைக்கும் ஒழுங்காகத்தான் அடித்தது. பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

கருமாதியன்று அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாமாவின் படத்துக்கு முன்னால் பெரிய இலை போட்டுப் படையல் வைத்தார்கள். அவருக்குப் பிடித்ததை எல்லாம் வைப்பதுதானே வழக்கம். உருளைக்கிழங்கு வறுவல், தண்ணீர் வடிக்காத கீரை, தேங்காய்ப்பால் பாயசம், ஒரு சீப்பு வாழைப்பழம். டாக்டர் சொன்ன பத்தியத்தில் எது எது கூடாதோ அது எல்லாம் அந்த இலையில் இருந்தது. டாக்டரும் வந்திருந்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நின்றார்.

அத்தையை ஒரு மூலையில் உட்காரவைத்திருந்தார்கள். கற்பூரம் ஏற்றப் போகிற நேரத்தில் எழுந்தாள். "நீ எய்ந்திருக்கக் கூடாது, குந்து" என்று உறவுக்காரப் பெரியவர் ஒருவர் சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை. பின்பக்கம் போய் ஒரு குலை இளநீரையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு வந்து படத்துக்கு முன்னால் நின்றாள். ஒரு காயைக் குலையிலிருந்து பிரித்துக் கையில் ஏந்தினாள். அரிவாளை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

திரும்பிக் கூட்டத்தில் தேடினாள். கதவோரம் நின்றவரைக் கண்டுபிடித்தாள்.

"டாக்டரே, இப்பக் குடுக்கலாமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஒண்ணு எதுக்கும்மா. ரெண்டு வெட்டுங்க" என்றார்.

அத்தை அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். எல்லோரும் அழுதோம். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு இரண்டு வெட்டி இலையில் வைத்தாள். கற்பூரம் அணைந்ததும் மூன்றாவதாக ஒன்றைச் சீவி, யாரையும் கேட்காமல் டாக்டர் கையில் கொண்டுபோய்த் திணித்தாள்.

"குடிங்க. வெயில்ல வந்துக்கீறீங்க."